ஐஸ் கம்பெனி நிறுத்தத்தில் தொலைந்த மாமா

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்குப் புதுப்பெயர் வைத்தார்கள்.
2. என் தம்பிக்குக் காது குத்த நாள் குறித்தார்கள்.
3. அதற்காகத் தாய்மாமா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து, அந்த நிறுத்தத்தில் இறங்கினார்.
4. இறங்கிய இடம் எதுவென்று தெரியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்.
5. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார்.
6. அதற்கு முன்னும் பின்னும் நான் உள்ளதைச் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரிசையில் பிழை இல்லை. எது எதற்குக் காரணம் என்பதில்தான் நான் நெடுநாள் தப்பாக இருந்தேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தோம். கதவைத் திறந்தால் நீண்ட நடைபாதை. அதன் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் கீழே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தம். அதை எல்லோரும் ஐஸ் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் கீலாங் ஆயிஸ் என்பார்கள். பேருந்தில் ஏறி எந்த மொழியில் சொன்னாலும் ஓட்டுநர் தலையாட்டுவார், சரியாக அங்கே நிறுத்துவார்.

ஆனால் அங்கே ஐஸும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒரு டயர் கடையும் அதன் பக்கத்தில் கார் நிறுத்தும் வெற்றிடமும்தான் இருந்தன.

"ஐஸ் கம்பெனி எங்கப்பா?" என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டேன்.

"இதான்."

"இது டயர் கடை."

"ஆமா."

அதற்கு மேல் அவருக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இல்லாத ஒன்றில் எப்படி இறங்க முடியும்? அந்த வழித்தடத்தில் இப்படிப் பல இருந்தன. 'பழைய கொட்டகை' என்ற இடத்தில் படக்கொட்டகை இல்லை, மேசை நாற்காலி விற்றார்கள். 'ரெண்டு மரம்' என்ற இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. நாம் இறங்கி, பேருந்து புறப்பட்ட பிறகு அவையெல்லாம் திரும்பி வந்துவிடுமோ என்ற சந்தேகத்தில், ஒருமுறை பின்கண்ணாடி வழியே ரெண்டு மரம் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அந்த வருடம்தான் நிறுத்தங்களுக்குப் புதுப் பலகைகள் வந்தன. எங்கள் நிறுத்தத்தில் 'தாமான் செம்பாக்கா' என்று எழுதியிருந்தது. பின்தெருவில் புதிதாக எழும்பிய வீடமைப்பின் பெயர் அது. ஓடிப்போய்ப் பார்த்தேன், வீடுகள் உண்மையாகவே இருந்தன. எனக்கு நிம்மதியாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யார் ஐஸ் கம்பெனி என்றாலும் திருத்தினேன். பக்கத்துத் தெருவில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என்னைக் கண்டாலே, "பஸ் கம்பெனி மேனேஜர் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க லா!" என்று குரல் கொடுப்பாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐஸ் கம்பெனி உண்மையிலேயே இருந்த காலத்தில் அதில் வேலை செய்த ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா. கல்யாணத்துக்கு முன்பு அவர் அங்கே ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்றியவர். பள்ளிவிட்டு வரும் அம்மா வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிடுவாளாம். உடைந்த துண்டு ஒன்றை அவர் கொண்டுவந்து கொடுப்பாராம். அதைக் கை மாற்றிக் கை மாற்றிச் சப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாளாம். கம்பெனியை மூடிய பிறகு மாமா கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அக்கரையிலேயே, புக்கிட் மெர்தாஜாமில் வீடும் வாங்கினார்.

அந்த வீட்டில்தான் வினை தொடங்கியது. குடிபுகுந்த நாளன்று அம்மாவும் நானும் போனோம். அப்பா வரவில்லை. ஓவர்டைம் என்றார். மாப்பிள்ளைக்கென்று மாமா தம் பக்கத்தில் போட்டு வைத்த இலை, பந்தி முடியும்வரை அப்படியே கிடந்தது. அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை.

பிறகு தம்பி பிறந்தான், காது குத்த வேண்டிய பருவமும் வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனையும், பிள்ளையின் அப்பாவே வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைக்க வேண்டும். அம்மா இதை நேராகவும் சொல்லிப் பார்த்தாள், சுற்றி வளைத்தும் சொல்லிப் பார்த்தாள்.

"ஃபோன் எதுக்கு இருக்கு?" என்றார் அப்பா.

அந்த ஃபோனையும் அம்மாதான் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மாமா எடுத்தவுடன் கேட்டது, "மாப்பிள்ள எங்கம்மா?"

"குளிக்கிறாங்க அண்ணே," என்றாள் அம்மா. அப்பா எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

மாமா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "சரி, பாப்போம்," என்று வைத்துவிட்டார்.

ஆகவே காது குத்தும் நாளன்று காலை எல்லாம் தயாராக இருந்தது, மாமாவைத் தவிர. பத்தர் வந்து கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து தங்கக் கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தம்பி புதுச்சட்டையில் கை மாறிக்கொண்டிருந்தான். அத்தை கேசரி கிண்டினாள். அம்மா மட்டும் கதவை விட்டு நகரவில்லை. மாமா இல்லாமல் அன்று காது குத்திவிட்டால், அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அத்தோடு அறுந்துபோகும். அவளுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் படியில் யார் காலடி கேட்டாலும் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல நேரம் போயிட்டே இருக்கு," என்றார் பத்தர். "ஆயர் ஈத்தாம்ல இன்னொரு பிள்ள எனக்காகக் காத்திருக்கு."

"வேற யாராச்சும் மடியில வச்சுக்கட்டும்," என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அம்மா ஓடிவந்து எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் ஏதோ கணக்குப் போடுவதுபோல இருந்தது. பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்.

"அண்ணன்தான். பஸ்ஸ விட்டு எறங்கிட்டாங்களாம். எந்த எடம்னு தெரியலையாம். ஐஸ் கம்பெனியக் காணோமாம், பலகையில என்னமோ வேற பேரு போட்டிருக்காம். யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போகணுமாம்."

"அவருக்கா தெரியல?" என்றார் அப்பா.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏன் தெரியும்? எல்லாப் பேரையும்தான் மாத்திப்புட்டாங்களே. போன வாரம் எனக்கே கொழம்பிப்போச்சு லா. ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கிட்டு நடந்து வந்தேன்."

இது என் துறை. நான் நடைபாதைக்கு ஓடிக் கம்பிவழியே பார்த்தேன். மாமா நிறுத்தத்தில்தான் நின்றார், பலகைக்கு நேர்கீழே. ஒரு கையில் பழப்பை, மறு கையில் கைப்பேசி. எங்கள் மாடியைப் பார்த்தபடி நின்றார். நான் கையை வீசினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி டயர் கடையைப் பார்க்க ஆரம்பித்தார்.

உள்ளே ஓடிவந்து அறிவித்தேன். "மாமா தொலையவே இல்ல! நம்ம ஸ்டாப்புலதான் நிக்கிறாங்க! ஐஸ் கம்பெனியும் தாமான் செம்பாக்காவும் ஒண்ணுதான். அதே கம்பம்தான், பலகை மட்டும்தான் புதுசு. மாமா அங்கதானே வேல செஞ்சாங்க, எப்படித் தெரியாமப் போகும்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. நான் ஏதோ கண்ணாடிச் சாமானைக் கீழே போட்டதுபோல.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்," என்று செருப்பைத் தேடினேன்.

அத்தையின் கை என் சடையைப் பிடித்தது. "நீ எங்கடி போற? சின்னப் பிள்ள ரோடு தாண்டக் கூடாது."

"நான் தெனம் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறேன்."

"இன்னைக்குத் தாண்டக் கூடாது. உக்காரு."

"அப்ப நீங்க போங்க அத்தை."

"எனக்குக் கேசரி இருக்கு."

"கேசரி ஆயிடுச்சே, அடுப்ப அணைச்சிட்டீங்களே."

பத்தர் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்பா செய்தித்தாளை மடித்தார். எழுந்து நடைபாதைக்குப் போனார். கம்பியில் இரு கைகளையும் ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தோம். மாமா இன்னும் டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேருந்து வந்து நின்று அவரை மறைத்தது, அது போனதும் அதே இடத்தில் நின்றார். அந்தப் பேருந்து வந்தபோது அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அது நகர்ந்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

"இந்தப் பேரு மாத்துறவனுங்களச் சொல்லணும்," என்றார் அப்பா. உள்ளே வந்து சட்டையை மாட்டினார். பித்தான்களைப் படியில் இறங்கிக்கொண்டே போட்டார்.

நாங்கள் எல்லோரும் மேலிருந்து பார்த்தோம். பத்தரும்தான். அப்பா சாலையைத் தாண்டினார். இருவரும் சற்று இடைவெளி விட்டு நின்றார்கள். பிறகு அப்பா கையை உயர்த்திப் பலகையைக் காட்டினார். மாமா அண்ணாந்து, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல அதைப் படித்தார். அப்பா எங்கள் கட்டடத்தைக் காட்டினார், டயர் கடையைக் காட்டினார், எதையோ விளக்கினார். மாமா தலையாட்டினார். அப்பா ஏதோ கேட்டார். மாமா வாய்திறந்து சிரித்தார். அப்பா அவர் கையிலிருந்த பழப்பையை வாங்கிக்கொண்டார். அம்மா உள்ளே ஓடி முகம் கழுவப் போய்விட்டாள்.

படியேறி வரும்போதே அப்பாவின் குரல் கேட்டது. "இனிமே தாமான் செம்பாக்கான்னு கேட்டு எறங்குங்க மச்சான்."

"நான் என்னத்தக் கண்டேன் மாப்பிள்ள! ஐஸ் கம்பெனியத் தேடிக்கிட்டே நின்னுட்டேன்."

இதை என்னால் விட முடியவில்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டு, "மாமா, நீங்க சரியான ஸ்டாப்புலதான் நின்னீங்க. நான் மேலேருந்து கைகாட்டினேன். நீங்க என்னப் பாத்தீங்க," என்றேன்.

மாமாவின் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, அப்பா அவரைப் பார்க்கவில்லை. அத்தையின் கரண்டிகூட அசையவில்லை.

"வெயில்ல கண்ணு கூசிடுச்சும்மா," என்றார் மாமா.

"ஆமா, சரியான வெயில்," என்றார் அப்பா.

இருவர் சட்டையிலும் தூறல் புள்ளிகள் இருந்தன. அன்று காலை முழுக்க மேகமூட்டம். நான் அதையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை என் வாயில் ஒரு கரண்டி கேசரியைப் போட்டாள்.

மாமா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அப்பாவே தம்பியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். கம்பி இறங்கியபோது தம்பி வீடே இடிந்துவிழும்படி அழுதான். மாமாவுக்கும் கண் கலங்கியது, பிள்ளை அழுவதைப் பார்த்துத்தான் என்று சொல்லிக்கொண்டார். சாப்பாட்டுக்கு அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் அன்று முடிவுகட்டியவை இரண்டு: மாமாவுக்குக் கண் சரியில்லை. பெரியவர்கள் பலகைகளைப் படிப்பதில்லை. முதலாவதற்கு நான் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதைச் சரிசெய்யச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபெரி வந்து நிற்கும் படகுத்துறையிலிருந்து எங்கள் வீடுவரை ஒவ்வொரு நிறுத்தத்தின் பழைய பெயரையும் புதுப்பெயரையும் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பழைய கொட்டகை என்றதும் அங்கே பால்கனிக்கு எந்தப் பக்கம் படி இருந்தது, இடைவேளையில் என்ன விற்றார்கள் என்று சொன்னார். ரெண்டு மரத்தில் ஒன்று புளியமரமாம், இடி விழுந்து போனதாம். மற்றொன்றைச் சாலையை அகலப்படுத்த வெட்டினார்களாம். எல்லாவற்றையும் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்தவர் தாம் வேலை செய்த கம்பெனியின் வாசலை எப்படித் தவறவிட்டார் என்று அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நல்ல மாணவர் என்று மட்டும் நினைத்தேன்.

அதன் பிறகு மாமா அடிக்கடி வந்தார். ஒவ்வொரு முறையும் தொலைந்தார். கீழேயிருந்து கூப்பிடுவார், "இந்த ஸ்டாப்பு எதும்மா?" என்பார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே சட்டை மாட்டுவார். நான் சொல்லிக்கொடுத்தது வீணாகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து அழைக்காதவரின் வாசலை, அழைக்காமல் மிதிக்க மாமாவால் முடியவில்லை. தங்கையை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. அதனால் பஸ் ஏறி, ஃபெரி ஏறி, மறுபடி பஸ் ஏறி வந்தவர், கடைசிச் சாலையை மட்டும் தாண்டாமல் நின்றார். புக்கிட் மெர்தாஜாம்வரை போக அப்பாவுக்கு மனம் வரவில்லை, அந்தச் சாலையைத் தாண்ட வந்தது. பெயர் மாற்றியவர்கள் இருவருக்கும் ஒரு சாக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நான்கு மாடிக்கும் கேட்கும்படி பொய்யென்று நிரூபித்துக்கொண்டிருந்தவள் நான். அது எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போதைய நிலை இது. டயர் கடை போய்விட்டது. அந்த இடத்தில் உயரமான கட்டடம் ஒன்று எழும்பியிருக்கிறது, நிறுத்தத்துக்கும் அதன் பெயரையே மாற்றி வைத்துவிட்டார்கள். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். பேருந்துச் செயலியை அவர் கைப்பேசியில் நானே போட்டுக்கொடுத்தேன், அதில் வழி பார்க்கவும் அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு முழங்கால் வலி, எங்கள் மின்தூக்கி பாதி நாள் ஓடுவதில்லை. போன தீபாவளியன்று மாமா கீழேயிருந்து கூப்பிட்டார். அப்பா படியிறங்கிப் போனார்.