'போனார்' என்று எழுதியிருக்கலாம்

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தேன். பி.காம் முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்பில் பதினான்கு பெண்களோடு நானும் ஏறுவேன். அவர்கள் காய் எடுக்கப் போகிறவர்கள். நாற்காலியில் உட்காரப் போகிறவள் நான் ஒருத்திதான். அதை அவர்கள் சொல்லிக்காட்டியதே இல்லை. நான்தான் ஒரு நாளும் மறக்கவில்லை.

முதல் தடவை தேர்வு எழுதியபோது ஆங்கிலத்தில் தோற்றேன். ஒரே பொருள் தரும் சொற்களைக் கேட்டிருந்தார்கள், பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். தினமும் ஒரு பட்டியல் வரும். ஒரு சொல், சமக்குறி, பக்கத்தில் நான்கைந்து சொற்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறும்போது வாந்தி வராமல் இருக்க எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருவேன். சிறிய சொற்களைப் பெரிய சொற்களாக மாற்றுவதுதான் ஆங்கிலம் என்று நம்பியிருந்தேன். 'பிக்' என்று எழுதுகிறவளுக்கு வேலை கிடைக்காது, 'என்னார்மஸ்' என்று எழுதுகிறவளுக்குக் கிடைக்கும்.

அந்த ஜீப்பில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அதன் சாவி அவரிடம்தான் இருக்கும். பதினோரு வருடமாக அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அலைகிறவர்.

ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் போடிக்கு ஒரு லாட் இறங்க வேண்டியிருந்தது. மறுநாள் விற்பனைக்கு வைக்க வேண்டிய காய். மூன்று மணிக்கு லோடு ஜீப் வந்து ஸ்டோர் முன்னால் நின்றது. கதவு பூட்டியிருந்தது. அக்காவைக் காணோம். அடுப்புக்கு விறகு தள்ளும் அசாம்காரரைக் கேட்டோம். அவர் கையை மலையடிவாரத்துப் பக்கம் காட்டி ஏதோ சொன்னார். அவர் மொழி எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் மொழி அவருக்குப் புரியவில்லை. அக்கா போன் அணைந்திருந்தது. லோடு ஜீப் வெறுமனே திரும்பிப் போனது.

மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. லாட் ஏன் வரவில்லை என்று கொச்சியில் இருக்கும் முதலாளிக்கு உடனே மெயில் போட வேண்டும் என்றார். வழக்கமாக அவரே எழுதுவார், அன்று என்னை எழுதச் சொன்னார். எனக்குள் ஒரு துள்ளல். முதலாளி என் ஆங்கிலத்தைப் படிக்கப் போகிறார்.

முதலில் 'லெஃப்ட்' என்று எழுதினேன். ஸ்டோர் சாவியோடு போய்விட்டார் என்று வரும்படி. படித்துப் பார்த்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. அழித்தேன். 'டிபார்ட்டெட்' என்று போட்டேன். அது இறந்துபோனவர்களுக்கும் சொல்வதாயிற்றே என்று அதையும் அழித்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. போன வாரப் பட்டியலில் சொல்லாமல் வேலையிலிருந்து போவதற்கு ஒரு சொல் படித்திருந்தேன். ஆப்ஸ்காண்டெட். ஸ்டோர் சாவியோடு ஆப்ஸ்காண்டெட். அந்த வாக்கியம் கம்பீரமாக நின்றது.

மேனேஜர் என் தோளுக்கு மேலே குனிந்து வேகமாகப் படித்தார். "நல்ல இங்கிலீஷாணல்லோ," என்றார். அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் முதலாளியிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. போலீசில் புகார் கொடுங்கள், அவர்கள் வரும்வரை பூட்டைத் தொட வேண்டாம். மேனேஜர் என் மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் புகாரோடு வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். போலீஸ் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. சாவிதானே.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லை முழுசாகத் தேடினேன். பட்டியல் போல இல்லை, முழு அகராதி அது, கீழே உதாரண வாக்கியங்கள் இருந்தன. கணக்காளர் கம்பெனிப் பணத்தோடு ஓடினார். ஜாமீனில் வந்த கைதி ஓடினான். எல்லா வாக்கியத்திலும் யாரோ எதையோ திருடியிருந்தார்கள், யாரோ அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நம் பேப்பரில் 'தலைமறைவு' என்று போடுவார்களே, அது.

அக்காவுக்கு நான்கு தடவை போன் போட்டேன், அணைந்தே இருந்தது. மேனேஜருக்கு ஒரு செய்தி அடித்தேன். சார், அந்த மெயிலில் ஒரு சொல் தவறு. அனுப்பும் முன் நிறுத்தினேன். நல்ல இங்கிலீஷ் என்று சொன்னவரிடம் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல வேண்டும். அழித்துவிட்டேன். அக்கா நாளைக்கு வந்துவிடுவார், சாவியைக் கொடுப்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அக்கா வரவில்லை. போலீசும் வரவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டே அன்றைய பொழுது போனது.

புதன்கிழமை காலையில் அக்கா ஜீப்பில் இருந்தார். எனக்கு ஜன்னலோரம் இடமும் வைத்திருந்தார்.

கண்கள் வீங்கியிருந்தன. வண்டி கிளம்பியதும் அவரே சொன்னார். ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த மகள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். சேதி வந்த நேரத்தில் ஒரு ஜீப் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, அசாம்காரரிடம் சொல்லிவிட்டு அப்படியே தொற்றிக்கொண்டார். அவரும் தலையை ஆட்டினாராம். சாவி இடுப்பில் இருந்தது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. போனில் சார்ஜ் இல்லை, மகளை விட்டு நகரவும் முடியவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நேற்று ராத்திரிதான் டாக்டர் சொன்னார்.

"மேனேஜர் வைவாரு. வையட்டும்," என்றார் அக்கா. "வெரசா போயி தொறந்து விட்டுட்டா சோலி முடிஞ்சிரும்."

எல்லாப் பெண்களும் ஏதோ ஆறுதல் சொன்னார்கள். போலீஸ் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். அடுத்த வளைவில், அடுத்த வளைவில் என்று தள்ளித் தள்ளி மெட்டுக்கு வந்துவிட்டோம்.

கேரளச் செக்போஸ்ட்டில் கை காட்டி நிறுத்தினார்கள். ஏட்டு ஒருவர் பின்பக்கம் வந்து எங்களை எட்டிப் பார்த்தார். கையில் காகிதம். அக்காவின் பெயரைச் சொல்லி, சேச்சி இறங்கணும் என்றார். அக்கா இறங்கினார். என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஸ்டோர் சாவியும் கொண்டு முங்கின கேஸு," என்றார் ஏட்டு.

அக்காவுக்கு அது விளங்கவில்லை. அங்கே முங்குவது என்றால் ஆள் காணாமல் போய் ஒளிவது. நமக்கு முங்குவது தண்ணீரில்.

"நா எங்க சார் முங்குனேன்? ஆஸ்பத்திரியிலல்ல இருந்தேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினார். ஏட்டு அதைத் தடயப் பொருள் போல ஒரு துணியில் சுற்றி வாங்கினார். அந்தத் துணியைப் பார்த்ததும்தான் அக்காவின் முகம் மாறியது. ஏட்டு கையில் இருந்த காகிதத்தில் என் வாக்கியம் தெரிந்தது. அந்தச் சொல்லுக்கு அடியில் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

நேரம் போகிறது என்று டிரைவர் வண்டியை எடுத்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை: அக்காவை அங்கே விட்டுவிட்டு ஜீப் கிளம்பியபோது நான் அதற்குள் இருந்தேன். எதிர்ச் சீட்டில் இருந்த பெண், பதினோரு வருசமா ஒரு காயக்கூடக் களவாண்டதில்லையே அந்த மனுசி என்று தனக்குத்தானே சொன்னாள். கொஞ்ச தூரம் போயிருப்போம்.

"அண்ணே, நிப்பாட்டுங்க," என்றேன்.

மூடுபனியில் திரும்பி நடந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். என்ன சொல்வதென்று ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தனக்குத் துணையாக வந்திருக்கிறாள் என்று நினைத்து என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

அந்த மெயிலை எழுதியது நான்தான், அதில் ஒரு சொல் தப்பு என்று ஏட்டிடம் சொன்னேன். அவர் காகிதத்தைப் பார்த்தார். இதுக்குப் பதிலா என்ன வேணும் என்று கேட்டார். லெஃப்ட் என்றேன்.

"ரெண்டும் போயின்னுதானே அர்த்தம்?"

"இல்ல சார். ஒண்ணு போனாங்கன்னு அர்த்தம். நான் எழுதுனது திருடிட்டு ஓடுனாங்கன்னு அர்த்தம். அவங்க போனாங்க, அவ்வளவுதான்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் வேண்டும், முந்தையதும் ஆங்கிலத்தில் இருப்பதால். நடந்தது எல்லாவற்றையும் சின்னச் சின்னச் சொற்களில் எழுதினேன். மகள் விழுந்தாள். இவர் போனார். உடன் வேலை செய்பவரிடம் சொன்னார். அவருக்கு மொழி புரியவில்லை. கடைசியில் என்னைப் பற்றிய வரி. 'எரர்' என்று எழுதலாம், அது யாருக்கும் நேரக்கூடிய பிசகு, கம்ப்யூட்டருக்குக்கூட நேரும். 'மிஸ்டேக்' என்று எழுதலாம், தெரியாமல் செய்தது. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. 'ஃபால்ட்' என்று எழுதினேன், குற்றம். என்னுடையது என்றும் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏட்டு அதைப் படித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். பத்து மணிக்கு மேனேஜர் வந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாரும் ஸ்டோருக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார்கள். காயை எடை போட்டு, ரெஜிஸ்டரில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. மத்தியானம் போலீசார் அக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பு, அந்தப் பெஞ்சில், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டேன். தேர்வுக்குப் படித்த சொல், அர்த்தம் சரியாகத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று ஏதேதோ சொன்னேன்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆத்தா," என்றார். "ஒனக்குத் தமிழ் தெரியும்ல. தமிழ்ல என்னைய அப்படி எழுதியிருப்பியா?"

எழுதியிருக்க மாட்டேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லும் ஒரே எடை என்று நினைத்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சமாதானம் போல இருக்கும்.

மேனேஜர் அக்காவை வேலையிலிருந்து நீக்கவில்லை. முதலாளிக்குத் திருத்தி ஒரு மெயில் போட்டோம், அதற்குப் பதில் வரவில்லை. அக்காவே மறுவாரம் நின்றுவிட்டார். பூப்பாறைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போகிறார் என்று ஜீப்பில் பேசிக்கொண்டார்கள். ஜன்னலோர இடத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் இன்னும் இரண்டு தடவை தேர்வு எழுதினேன். தேறவில்லை, அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போட்டோ வந்தது. புதுத் தோட்டத்தில் அக்காவிடம் கையெழுத்துக் கேட்ட படிவம். ஆறு வரி ஆங்கிலம். கூடவே அவர் குரலில் ஒரு பதிவு. பின்னால் ஒரு குழந்தை மழலையில் கத்திக்கொண்டிருந்தது.

"இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுத்தா. கையெழுத்துப் போடலாமான்னும் சொல்லு. இன்னொருத்தர்ட்டயும் கேட்டுருக்கேன்."

ஆறு வரியைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தெரிந்த சொற்களைக்கூட ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வருகிறது, அதை மட்டும் ஆபீசில் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று தமிழில் பேசி அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டதாக நீலக் குறி விழுந்தது. அந்த இன்னொருவர் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.