சிவப்புக் கோடும் சாமி பேர் ஃபோல்டரும்

கம்ப்யூட்டர் சென்டர் தொழிலில் கரண்ட் போனால்கூடச் சமாளித்துவிடலாம், திரையில் சிவப்புக் கோடு வந்தால்தான் சமாளிக்க முடியாது. என்னைப் போல ஒரு சென்டரைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு இது புரியும். எங்களுடையது திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில். ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். அவர் குவைத்துக்கு டிரைவராகப் போனதும், எட்டாவதோடு நின்ற என் தலையில் விழுந்தது.

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு லீவில் வந்தவர், எல்லா மெஷினிலும் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றி, குங்குமம் வைத்துவிட்டு விமானம் ஏறினார். மறுநாளே இன்ஜினியரிங் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சி ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் முதல் வரியில், ரெடிமேட் கட்டளைகள் அடங்கிய ஒரு ஹெடர் ஃபைலைக் கூப்பிடுவார்கள். அது எங்கே இருக்கிறதென்று, அவர்கள் டைப் அடிக்கிற எடிட்டருக்குத் தெரியாவிட்டால் அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு விழும். எல்லா மெஷினிலும் விழுந்திருந்தது. எழுந்து போன ஒருவன் சொன்னான்: "பொட்டு மட்டும் பளபளன்னு வெச்சிக்கீறீங்க ஆன்ட்டி, உள்ள ஒண்ணுமே காணோமே!"

ரிப்பேர்

பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர் பாபு வந்தார். செட்டிங்ஸில் எதையோ தட்டினார், கோடு மறைந்தது. நிம்மதியாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு ப்ரோகிராமை ஓட்டினால், ஹெடர் ஃபைல் இல்லை என்று அதே பாட்டு. மனிதர் கோடு போடுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார். போன் செய்து கத்தினேன். "கோடு போவணும்னுதானே கூப்ட்டீங்க அக்கா, போச்சா இல்லையா?"

ஜமுனாவின் பரீட்சை

சனிக்கிழமை காலை சத்தியவேட்டுப் பெண் ஜமுனா ஓடிவந்தாள். பெங்களூர் கம்பெனி ஒன்றின் பரீட்சை. மத்தியானத்துக்குள் ப்ரோகிராமை அனுப்ப வேண்டும். இதுவும் தவறினால் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் தோல் சீவப் போக வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். ஓட்டிப் பார்த்தாள், அதே பாட்டு. ப்ரோகிராமை மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலர், ஹெடர் ஃபைலெல்லாம் அதோடுதான் வரும், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடினாள். பெருமாள் பெயரைத் தெலுங்கு எழுத்தில் போட்டு, மங்களமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் கம்பைலர் முழிக்கிறது.

ஃபோல்டர் பெயரை மாற்றலாமா என்று கேட்கக் குவைத்துக்குப் போன் போட்டேன். "வேற இன்னா வேணா பண்ணு, சாமி பேரு மேல மட்டும் கை வெக்காத" என்று வைத்துவிட்டார். அதுவும் பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமை. ஜமுனா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, சாமிக்குத் தெலுங்கு தெரியும், கம்பைலருக்குத் தெரிலியே!"

கண்ணை மூடிக்கொண்டேன்

"நீயே செய்மா, நான் பாக்கல" என்று திரும்பி நின்றேன். அவள் கம்பைலரை வெளியே, இங்கிலீஷ் பெயர் வைத்த ஃபோல்டருக்கு மாற்றி, எடிட்டரிலும் அந்த இடத்தைக் காட்டினாள். காப்பி ஆகிற பட்டை நகரவே மாட்டேங்குது என்று முணுமுணுத்தாள். வேண்டாத தெய்வமில்லை. திரும்பியபோது ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிட்டாள். மற்ற மெஷின்களிலும் அதையே செய்துகொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சில வாரம் கழித்து பெங்களூரிலிருந்து அவள் போன் வந்தது: "வேலைல சேந்துட்டேன் ஆன்ட்டி! அந்த சாமி பேரு ஃபோல்டர்ல இப்போ இன்னா வெச்சிக்கீறீங்க?"

அதில் இப்போது பெருமாள் படம் மட்டும்தான் இருக்கிறது, சிவப்புக் கோடு போய்விட்டது, என் வீட்டுக்காரர் அடுத்த லீவில் வந்தால்தான் எப்படிச் சமாளிப்பதென்று தெரியவில்லை.