ஸ்டெதாஸ்கோப்பில் வைத்த பொட்டு

என் அக்கா இசைவாணி போன வாரம் இறந்தாள். அவளை நினைத்தால் முதலில் கைகள்தான் தெரிகின்றன. ஸ்பிரிட் பட்டுப் பட்டு வெளுத்து, விரல் நுனி வெடித்த கைகள். குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில்தான் சாப்பிடுவாள்.

கல்வராயன் மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் அவள் நர்ஸ். ஆயுத பூஜைக்கு அங்கே எடை மெஷின் முதல் டாக்டர் இளவரசனின் ஸ்டெதாஸ்கோப் வரை சந்தனமும் குங்குமமும் வைப்பாள் வார்டைப் பெருக்கித் துடைக்கும் பாப்பாத்தி. அதன் பிறகு கருவிகளைத் துடைக்கிற எல்லோரும் பொட்டைச் சுற்றித்தான் துடைப்பார்கள். அழிக்க யாருக்கும் கை வராது.

ஒரு வருடம் மலையிலிருந்து குஞ்சம்மாளின் குறைமாதக் குழந்தை வந்திருந்தது. பக்கத்துக் குழந்தைக்கு ஏற்கெனவே ரத்தத்தில் கிருமி. எங்கிருந்து வந்தது என்று கருவிகளையெல்லாம் லேபில் சோதித்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத் தகட்டுக்குப் பின்னால், டாக்டர் விரல் பிடிக்கிற இடத்தில், காய்ந்து வெடித்த பொட்டில்தான் கிருமி அதிகம்.

"பாப்பாத்தி, தொடச்சிடு" என்றார் டாக்டர்.

"இன்னா சார் இது? தாலி கட்டனவள வுட்டு பொட்ட அழிக்கச் சொல்றீங்க!"

"சரி, நானே தொடைக்கிறேன்."

"நீங்களும் தொடாதீங்க சார். உங்க வூட்டுல மாசமா இருக்காங்க."

பஞ்சை எடுத்த டாக்டரின் கை அப்படியே நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் குஞ்சம்மாளின் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்து அதன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம்.

"இப்படிக் குடுங்க" என்றாள் அக்கா. அவள் கணவர், எங்கள் மாமா, அதற்கு முன்பே உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரி மோதி இறந்திருந்தார். "கருமாதியன்னிக்கி எனக்கும்தான் அழிச்சாங்க. மறுவாரமே நைட் டூட்டி பாத்தேன். இதுக்கு மேல எனக்கு இன்னா வந்துடப் போவுது?"

பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைக் கூப்பிட ஆள் வந்தது. பொட்டு அழிக்கிற சிஸ்டர் என்று பேராகிவிட்டது. சக நர்ஸ்களின் வளைகாப்புக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போவாள்.

புதிதாக எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வரவில்லை. குஞ்சம்மாளின் குழந்தை எடை ஏறியது. வீட்டுக்குப் போகும் நாளில் குஞ்சம்மாள் மை டப்பியை அக்காவிடம் நீட்டினாள்.

"திருஷ்டிப் பொட்டு வெச்சி வுடும்மா."

"பாப்பாத்தி கையில குடு. நான் வெக்கக் கூடாது."

"அந்தம்மா வெச்சதத்தான நீ அழிச்ச? அதுலதான எம் புள்ள பொழைச்சிது. நீயே வை."

அக்கா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வெடித்த விரல்கள் எரிந்திருக்கும்.

"கண்ணுகிட்டல்லாம் வேணாம், கிருமி" என்று சொல்லி, குழந்தையின் உள்ளங்காலில் வைத்தாள்.