இருப்பதிலேயே சின்னது

எண்பதுகளில், மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு என்னை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர் என் கணவர். சென்னை டாக்டர் மேசைமேல் சிலிகான் பைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றாக ஜாக்கெட்டுக்குள் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதைக் காட்டினேன். "உன் இஷ்டம்தான்," என்று கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உருகிப்போனேன்.

கட்டுப் பிரித்ததும் பெரிதாகத் தெரிந்தது. "வீக்கம்தான், வடிஞ்சிடும்," என்றார் கணவர். நம்பினேன்.

திருவண்ணாமலை திரும்பி, புது ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கத் தேரடித் தெரு டெய்லர் பாயிடம் போனேன். அவரோ தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார்.

"நீங்க மெட்ராஸ் போறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர் அளவு சொல்லிட்டாரும்மா. ஜாஸ்தியா இருக்கேன்னு நான்கூட கேட்டேன்."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஒரு கொக்கிகூட இழுக்கவில்லை. டாக்டரிடமும் இதே அளவைத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்றும் யாராவது "உங்க இஷ்டம்" என்றால் எனக்கு உடம்பு கூசுகிறது.