கருகல் வரிசை

லிஃப்ட் ரிப்பேர் செய்வது அவர் தொழில். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் உச்சிக்கு ஏறி, மோட்டார் ஓடும் சின்ன அறைக்குள் நுழைந்துவிடுவார். அதனால் கம்பெனியில் அவருக்கு மேல்மாடி என்று பெயர். “என்ன மேல்மாடி, இன்னைக்கும் காலியா?” என்று கூட வேலை பார்ப்பவர்கள் தலையைத் தட்டிக் காட்டிக் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை அவர்களோடு ஊர்க்கதை பேசிப் பதற்றம் தெரியாமல் வைத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவர் மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. நாக்குக்கு உப்பு தெரியும், இனிப்பு தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காபி கசப்பான வெந்நீராகிப்போனது. தொழிலிலும் கை ஒடிந்த மாதிரிதான். முன்பெல்லாம் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகினால் அறைக் கதவைத் திறக்கும்போதே மூக்கு சொல்லிவிடும். இப்போது ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டரைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவள் ஒரு பெரிய விடுதியில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். வேலையை விட்ட பிறகும் வீட்டில் இரண்டு பேருக்கு விருந்து மாதிரிதான் சமைப்பாள். அவளிடம் போய், நீ வைப்பது எதுவும் எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்று சரியாகிவிடும், நாளை சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டார். “நல்லா இருக்கா?” என்று அவள் கேட்பாள். “நல்லா இருக்கு” என்பார்.

இப்படி இருக்கும்போது, தூரத்து ஊர் ஒன்றில் ஒரு துணிக்கடை லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. கம்பெனி அவரை அனுப்பியது. பகலெல்லாம் மோட்டார் ரூமில் கிடந்து பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, சாயங்காலம் கருவிப் பையும் தோளுமாகக் கீழே இறங்கினார். ஊருக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தார். கடைத்தெரு முனையில் கூட்டம் நிற்கும், அங்கேதான் என்று யாரோ கைகாட்டினார்கள்.

கடைத்தெரு முனையில் கூட்டம் நின்றது. நல்ல நீளமான வரிசை. கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்ட தையல்காரர் ஒருவருக்குப் பின்னால் போய் இவரும் நின்றுகொண்டார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பஸ்தான் வந்தபாடில்லை. டிக்கெட் முதலில் கொடுக்கிறார்கள்போல என்று நினைத்தார். முன்னால் போனதும் ஒரு தள்ளுவண்டியும் பெரிய இரும்புச் சட்டியும், அதன் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நின்ற ஒரு அம்மாளும்தான் தெரிந்தார்கள்.

“எத்தனை?” என்றார் அந்த அம்மாள், நிமிராமலே.

“ஒண்ணு. ஜன்னல் ஓரமா இருந்தா நல்லது.”

“ஜன்னலுக்கு நான் எங்க போவேன்? ஓரமா நின்னு சாப்பிடுங்க.”

கையில் ஒரு சூடான பொட்டலம் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் தோளைத் தள்ள, ஒன்றும் புரியாமல் ஓரம் வந்து பிரித்துப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பாக, பளபளவென்று ஒரு மிட்டாய். சர்க்கரையைக் கறுக்கும்வரை காய்ச்சி, வறுத்த மாவு சேர்த்துத் தட்டியது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது கருகல். சாயங்காலம் அது இல்லாமல் அவர்களுக்குப் பொழுது போகாது. அதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது பசித்தது, கடித்தார்.

முதலில் இனிப்பு. அது தெரிந்த சமாசாரம்தான். அதன் பின்னாலேயே வேறு ஏதோ வந்தது. எங்கேயோ வயர் கருகுகிறது என்றுதான் அவருக்குப் பட்டது. கை தன்பாட்டுக்குக் கருவிப் பைக்குள் போய்விட்டது. தலைக்கு மேலே போன மின்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்தில் மென்றுகொண்டிருந்த தையல்காரரிடம், “ஏதோ கருகுதே, உங்களுக்கு வரலையா?” என்று கேட்டார்.

“கருகலைத் தின்னா வேற என்னங்க வரும்?” என்றார் தையல்காரர்.

அப்போதுதான் உறைத்தது. இது வாசனை. தன் மூக்கில் வந்த வாசனை. அவசரமாக இன்னொரு கடி கடித்தார். வெறும் இனிப்பு. மூன்றாவது கடி, அதுவும் இனிப்புதான். வந்தது நிஜமா, ஆசையில் மனசு கிளப்பிவிட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனார். நிற்கும்போதே தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அது அவருடைய பஸ்.

இரண்டாவது பொட்டலத்தில் ஒன்றுமே வரவில்லை. வண்டியருகே போய், இது வேறு சட்டியா என்று கேட்டார்.

“ஒரே சட்டிதான். ஏன், என்ன குறை?”

“இதுல கருகல் வாசனையே இல்லையே.”

வரிசையில் சலசலப்பு எழுந்தது. அந்த வண்டி முன்னால் நின்று சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார் என்பது முகங்களைப் பார்த்ததும் புரிந்தது. தையல்காரர் இவர் கையிலிருந்ததில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வேறு வழியில்லாமல் இவர் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. காய்ச்சல், மூக்கு, முதல் கடி எல்லாம். மனைவியிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு வரிசையிடம் சொல்கிறோமே என்று பேசும்போதே குழப்பமாக இருந்தது.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. சட்டியின் அடியைச் சுரண்டி, கரண்டியோடு அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “நல்லா இழுங்க” என்றார். இழுத்தார். சூடுதான் ஏறியது. வரிசையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார், இல்லை என்று.

அடுத்த பஸ் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. கடைத்தெரு முழுக்க மோந்து பார்த்துக்கொண்டே நடந்தார். சோப்புக் கட்டியை எடுத்து மோந்தார். புதுச் செருப்பைத் தூக்கி மோந்தார். மீன் கூடைமேல் குனிந்தார். செருப்புக் கடைக்காரர் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என்ன சார் தேடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் செருப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து, வாங்கிவந்த பொட்டலத்தை மனைவி முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் அவள் கேட்டாள்.

“அப்போ அன்னைக்குக் குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சே, அதையும் நல்லா இருக்குன்னு சாப்பிட்டீங்களே?”

“அடிப்பிடிச்சது தெரியலை.”

“நான் பாசம்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

“பாசமும்தான்,” என்றார்.

கோபப்படுவதா, பாவம் என்று நினைப்பதா என்று அவளுக்கும் பிடிபடவில்லை. எழுந்து உள்ளே போனாள், திரும்பி வந்தாள். கருகலில் ஒரு துண்டு உடைத்துத் தின்றாள். இதை விடுதியில் யாராவது செய்திருந்தால் சட்டியோடு கொட்டியிருப்பேன், இதற்குப் போய் வரிசையில் நிற்கிறார்களே என்றாள். சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தாள்.

மறுநாள் அவளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வாசனை திரும்பி வரலாம், துண்டு துண்டாக வரலாம், தப்பும் தவறுமாகவும் வரலாம், எதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வரும் என்கிறாரா வராது என்கிறாரா என்று திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசிப் பார்த்தார்கள். தேறவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பாடு நல்லா இருக்கா என்று கேட்பதை விட்டுவிட்டாள். “என்ன தெரியுது?” என்பாள். “உப்பு,” என்பார், “சூடு.” அவள் தலையசைத்துக்கொள்வாள். சில நாள் மொறுமொறுப்பாக ஏதாவது செய்து வைப்பாள், பல்லுக்காவது வேலை இருக்கட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏதோ வருது.”

அவள் அடுப்பை அணைத்தாள். “கருகலா?”

“இல்ல. அது மாதிரி இல்ல. நல்லதா கெட்டதான்னே தெரியலை.”

வெங்காயத்தை நறுக்கி நீட்டினாள். அது இல்லை. எண்ணெய் டப்பாவைத் திறந்தாள், துடைக்கும் துணியை எடுத்தாள், ஈரக் கோணிப்பையை உதறினாள், கடைசியில் தன் தலைமுடியையே அவர் முகத்தருகே கொண்டுவந்தாள். எதுவும் இல்லை. பிறகு இரண்டு பேருமாகத் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக வெளியே எடுத்து வைத்தார்கள்.

“இன்னும் வருதா?”

“வருது,” என்றார் அவர். “விடாதே, அடுத்ததைக் குடு.”