டிரஸ்ஸர் மாமாவின் கடைசி நோயாளி

மறதி நோய் வந்த ஒரு மனிதரிடம் அவருக்கு மறதி இருப்பதை ஆதாரத்தோடு நிரூபிக்க, நான் ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். இன்னும் சற்று நேரத்தில் தெளிந்துவிடுவார் என்று மனதார நம்பினேன். இந்த நோயைப் பற்றித் தடிமனான புத்தகங்கள் படித்திருந்தேன். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று எழுதியிருந்த பக்கங்களை மட்டும் எப்படியோ தாண்டிவிட்டிருந்தேன்.

மாமா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸராக இருந்தவர். டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றபடி காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, குடித்துவிட்டு வீட்டில் ஆடியவனுக்கு அறிவுரை என்று தோட்டத்து ஆஸ்பத்திரியின் சகலமும் டிரஸ்ஸர்தான். ஈப்போவில் மறதி நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவரைச் சேர்த்தோம். வந்து சேர்ந்த மறுநாளே அது தன் ஆஸ்பத்திரி என்று அவர் முடிவு செய்துவிட்டார். காலையில் கட்டில் கட்டிலாகப் போய் நாடி பிடிப்பார். போர்வையை இழுத்துச் சரிசெய்வார். இல்லத்து மேட்ரன் அதைத் தடுக்கவில்லை. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். "ரவுண்டு முடிஞ்சிதா, டிரஸ்ஸர் ஐயா? உக்காருங்க, கோப்பி கலக்குறேன்" என்பார். அங்கே யாரையும் திருத்துவதில்லை. அவர்கள் எந்த ஊரில் எந்தக் காலத்தில் இருக்கிறார்களோ, பணிப்பெண்கள் அங்கே போய் நின்றுகொள்வார்கள். எனக்கு அது பொய்யாகப் பட்டது. பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனுக்கு உண்மையின் மேல் திடீரென்று அப்படியொரு பற்று.

சிக்கல் மாத்திரையில் வந்தது. "நான் மருந்து குடுக்கிறவன். திங்கிறவன் இல்ல" என்று மாமா தட்டைத் தள்ளிவிட்டார். இருதயத்துக்கான மாத்திரை உள்ளே போகாததால் கால்கள் வீங்கத் தொடங்கின. இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் மேட்ரன். அங்கே மருந்துக் குழாயைப் பிடுங்கிப் போடாமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டிவைப்பதும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அன்று மாமியை வீட்டுக்கு அழைத்துப்போனேன். காரை விட்டு இறங்கும்போது, பிறந்த ஊர்ப் பேச்சு மாறாமல், கேட்டார்:

"இவரின்ர கையைக் கட்டிப்போடுவினமோ, தம்பி?"

அந்தக் கேள்விதான் என்னை வீரனாக்கியது. தான் இன்னும் டிரஸ்ஸர் என்ற நினைப்புப் போனால் மாத்திரையை விழுங்கிவிடுவார். ஆஸ்பத்திரியே இப்போது இல்லை என்று கண்ணால் பார்த்தால் அந்த நினைப்புப் போய்விடும். இதுதான் என் திட்டம். "வேணாம் சார். இல்லாதத காட்டி என்னா ஆவப் போவுது?" என்றார் மேட்ரன். புத்தகம் படித்தவனின் புன்னகையோடு மாமாவை அழைத்துப்போனேன்.

தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். ஆஸ்பத்திரி இருந்த மேட்டில் கார் கழுவும் கடை. சோப்பு நுரை சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்க மாமா, எங்க இருக்கு ஆஸ்பத்திரி?" என்றேன். மாமா நுரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி யாரத் தேடி வந்தீங்க?"

"ஆஸ்பத்திரியத்தான், மாமா."

"ஆஸ்பத்திரிய இங்க வந்தா தேடுறீங்க?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம். என் நெற்றியில் கை வைத்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "தூக்கமில்ல. மனசு கொழம்பிக் கெடக்கு. பயப்படாதீங்க, என்கூட வாங்க. நல்ல ஆஸ்பத்திரி ஒன்னு இருக்கு."

கல்யாணமான நாள் முதல் அவர் என்னோடு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். அன்று வழிநெடுகப் பேசினார். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் என் நாடியைப் பார்த்தார்.

இல்லத்துக்குள் நுழைந்ததும், "இந்தப் புள்ளைக்கு மருந்து கொண்டாம்மா. வழி தெரியாம அலையுது" என்று உத்தரவிட்டார். மேட்ரன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதத்தானே சொன்னேன்" என்பது அதன் பொருள். உள்ளே போய்த் தட்டில் இரண்டு சின்னக் கிண்ணங்களோடு வந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஒன்னும் இல்ல! நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று கத்தினேன். அந்த இல்லத்தில் இருந்த அத்தனை பேரும் தினமும் சொல்லும் வாக்கியம் அது என்பது பிறகுதான் உறைத்தது.

மாமா கோபிக்கவில்லை. "பயமா? இங்க பாரு" என்று, மேட்ரன் அவர் பக்கமாக நகர்த்திய கிண்ணத்தை எடுத்தார். மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். தன் பெயரையும் தன் அப்பாவின் பெயரையும் கணீரென்று சொன்னார். "இப்ப நீ."

விழுங்கியவை அவருடைய மாத்திரைகள். எனக்கு மிச்சமிருந்தது புதினா மிட்டாய். நானும் விழுங்கி, நாக்கைத் தூக்கி, அப்பா பெயரைச் சொன்னேன். நாங்கள் திரும்பும்வரை அங்கேயே காத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு அவர்தான் விளக்கினார்: அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்து, ஆட்கள் ரப்பர் பால் வெட்டக் கலைந்து போகுமுன், மலேரியா மாத்திரை கொடுப்பார்களாம். அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று ஒரு புரளி. கன்னத்தில் அடக்கிப் போய் ரப்பர் மரத்தடியில் துப்பிவிடுவார்கள். அதனால் டிரஸ்ஸர் முதலில் தானே எல்லோர் முன்னாலும் விழுங்கி, வாயைத் திறந்து, பெயர் சொல்லிக் காட்டுவாராம். நாக்குக்கு அடியில் மாத்திரை இருந்தால் பெயர் தெளிவாக வராது. மாமி இதைச் சொல்லி முடித்தபோது மாமா அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும், எங்கள் வீடு இருந்த தைப்பிங்கிலிருந்து மழையோடு மழையாக வந்து, அடம் பிடிக்கும் நோயாளியானேன். ஒரு வாரம் "கசக்குது ஐயா" என்பேன், அடுத்த வாரம் "பொண்டாட்டி திட்டுவா" என்பேன். அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. நான் மருமகன் என்பது அவருக்குத் தெரியாது. பெயர் தெரியாத ஒருவன் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் பட்ட கவலை மட்டும் ஒவ்வொரு வாரமும் புதிதாக இருந்தது. அவ்வளவு கவலையோடு வேறு யாரும் என் மணிக்கட்டைப் பிடித்ததாக ஞாபகம் இல்லை. கால் வீக்கம் வடிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் போகவே இல்லை. ஒரு நண்பகலில், ரவுண்டு முடித்துக் கோப்பி குடித்துவிட்டு, தன் கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை. கைகள் வயிற்றின் மேல் தளர்ந்து கிடந்தன. மாமி வந்ததும் முதலில் மணிக்கட்டுகளைத்தான் தடவிப் பார்த்தார்.

மாமாவின் முப்பத்தோராம் நாள் காரியச் சாப்பாட்டுக்கு மேட்ரனும் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் மத்தியில் நான் இந்தக் கதையை, என் நடிப்புக்குச் சற்றுக் கூடுதல் இடம் கொடுத்து, சொல்லிக்கொண்டிருந்தேன். மேட்ரன் வடையை மென்று முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"சார் வந்தது சனிக்கிழம மட்டும்தானே லா. மாத்திர தெனமும் போடணும் இல்ல? மத்த நாள்ல பக்கத்துக் கட்டில் சீன அம்மாவ முன்னால உக்கார வெச்சித்தான் ஓட்டுனோம். அவங்க உங்கள விட நல்லா அடம் பிடிப்பாங்க."