தசமிக்காக மூடியிருந்த ஷட்டர்

எங்கள் ஊர் அணை நிறைந்து நிற்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் மனசு குளிருமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்தேரி மலையில் பெய்கிற மழை அணையில் சேரும். ஷட்டரைத் தூக்கினால் ஆற்றில் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு தடுப்பில் மறிந்து, வாய்க்காலில் திரும்பி எங்கள் ஏரிக்கு வரும். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கீழே என் கிணறு ஊறும். அந்த ஐப்பசியில் மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. ஒன்றரை ஏக்கர் மஞ்சள் இலை சுருண்டு நின்றது.

அணை நிரம்பி, புதன்கிழமை திறக்க உத்தரவும் வந்துவிட்டது. அதிசயமாக அரசாங்கம் நேரத்துக்கு வந்தது, நாங்கள்தான் வரவில்லை. புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை தசமியன்று பூஜை போட்டு, பெரிய மனிதர்களை அழைத்து, பூத் தூவித் திறக்கலாம் என்று பாசன சங்கத்தில் எழுதிக் கொடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன். அதிகாரிகளுக்கும் வசதியாகப் போயிற்று, மேடை போட அவகாசம் வேண்டுமே.

ஷட்டர் தூக்குகிற லஸ்கர் மட்டும் வேண்டாம் என்றார்.

"மலையில கருத்துக்கிட்டு நிக்குதுங்க அக்கா. இன்னைக்கே கொஞ்சம் கொஞ்சமா வுட்டா ஏரியும் ரொம்பும், அணையிலயும் எடம் இருக்கும். ஒரேயடியா வந்துச்சுன்னா எல்லாத்தையும் தூக்கித்தான் ஆவணும்."

"நீங்க ஷட்டரப் பாருங்க. நல்ல நாள நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

வியாழன் காலையில் மலையில் கொட்டித் தீர்த்தது. மத்தியானம் சங்கு ஊதி எல்லா ஷட்டர்களையும் தூக்கினார்கள். தூக்காவிட்டால் அணைக்கே ஆபத்து, லஸ்கரைக் குறை சொல்ல முடியாது. வந்த வேகத்தில் தடுப்பும் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பும் பெயர்ந்து போயின. தண்ணீர் ஆற்றோடு போனது. ஏரியில் ஒரு சொட்டு விழவில்லை.

ராத்திரி வெள்ளம் தணிந்ததும் ஷட்டர்களை மறுபடி இறக்கிவிட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை விழா நடந்தது. பந்தல் போட்டாயிற்று, பூ வாங்கியாயிற்று. திறக்கிற தண்ணீர் எங்கள் ஏரிக்கு வராது என்று தெரிந்தே தட்டிலிருந்து பூவை அள்ளிப் போட்டேன். பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் போட்டோ எடுப்பவரிடம், "விவசாயிங்க மொகத்துல சந்தோஷத்தப் பாருங்க" என்றார். அவரைத் தட்டாலேயே அடிக்கலாம் போல் ஆத்திரம் வந்தது. சிரித்துத் தொலைத்தேன்.

எஸ்டிமேட் போட்டு, கையெழுத்தாகி, வாய்க்காலைச் சரிசெய்யக் கோடையில்தான் ஆட்கள் வந்தார்கள். அதற்குள் தை பிறந்து மஞ்சளைத் தோண்டியாகிவிட்டது. கட்டைவிரல் பருமனுக்கு வர வேண்டிய கிழங்கு சூம்பிப் போயிருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர்களும் நானும் ஒருவர் காட்டில் ஒருவர் கைமாற்றாகத் தோண்டினோம். அவர்கள் காட்டிலும் அதே கதிதான். திறந்துவிட வாய்க்கால் இல்லாமல் அணையில் மட்டும் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது.

அடுத்த ஐப்பசியில் சங்கம் கூடியது. அணை நிரம்பியிருந்தது, உத்தரவும் வந்திருந்தது.

"இன்னைக்கே தொறக்கச் சொல்லுங்க. பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

தலைவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்களே. வெள்ளிக்கெழமை வச்சுக்கலாம், சம்மதம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். என்னோடு சேர்ந்து சூம்பிய கிழங்கைத் தோண்டியவர்களும் தூக்கினார்கள்.